24 சென்டிமீட்டர் நாடாவில் ஆதி தாளம்: மலிவான நாலு டிராக் கேசட் மெஷினில் லூப் செய்யும் முழு வழி

ஒரு கேசட் கூட்டுக்குள் 24 சென்டிமீட்டர் நாடாவை வளையமாக ஒட்டிப் போட்டால், சாதாரண வேகத்தில் அது ஐந்து வினாடிக்கு ஒரு சுற்று வரும். அந்த ஐந்து வினாடிக்குள் நாலு டிராக் இருக்கிறது. ஒன்றில் உறுமி, ஒன்றில் சுருதிப்பெட்டி, ஒன்றில் பால்மர மங்கு (ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) தட்டும் ஓசை, இன்னொன்றில் பாட்டியின் தாலாட்டு. நாலு ஃபேடரிலும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) விரலை வைத்து ஏற்றி இறக்கினால் அரைமணி நேரம் அலுக்காமல் ஓடும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, மூன்று வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் தம்பிமார் ரெண்டு பேர் வந்து கற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கு வாயால் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் நாடாவை வெட்டி, ஒட்டி, ஓடவிட்டு, அப்புறம்தான் இதில் என்ன வாசிக்கலாம் என்று யோசிக்கிறார்கள். நானும் அப்படிச் செய்து ஏழெட்டு கேசட்டை வீணாக்கியிருக்கிறேன். தாளத்தின் ஆவர்த்தனமும் (ஒரு முழுத் தாளச் சுற்று) நாடாவின் நீளமும் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்குகிற மாதிரி இருக்கும், எவ்வளவு நல்ல ஓசையாக இருந்தாலும் காப்பாற்ற முடியாது. தாளத்தைக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பிளேடை எடுங்கள்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது

சாதாரண ஸ்டீரியோ கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். அதில் நாலு கோடுகளாகப் பதிவு இருக்கும்: ஏ பக்கத்துக்கு ரெண்டு, பி பக்கத்துக்கு ரெண்டு. நாலு டிராக் மெஷின் இந்த நாலு கோட்டையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான் விஷயம். அதனால் இதில் பதிவு செய்ததை வீட்டு ரேடியோவில் போட்டால் முதல் ரெண்டு டிராக் மட்டும் நேராகக் கேட்கும், திருப்பிப் போட்டால் மற்ற ரெண்டும் பின்னோக்கி ஓடும். பிலிப்ஸ் கேசட்டை 1963-இல் கொண்டுவந்தது. அதை வைத்து வீட்டிலேயே நாலு டிராக் பதிவு செய்ய முடியும் என்று காட்டியது 1979-இல் வந்த டீயாக் 144 போர்ட்டாஸ்டுடியோ.

வேகம் ரெண்டு வகை. கேசட்டின் இயல்பான வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். சில மெஷின்களில் அதன் இரட்டிப்பு, அதாவது 9.5 சென்டிமீட்டர், இருக்கும். வேகம் கூடினால் ஓசை தெளிவாகும், ஆனால் அதே வளையம் பாதி நேரத்தில் சுற்றி முடிந்துவிடும்.

எதை வாங்குவது

டாஸ்காம் எம்எஃப்-பி01 என்பது ரொம்ப எளிமையான மெஷின், ஒரு நேரத்தில் ஒரு டிராக்தான் பதிவாகும். போர்ட்டா 02-இல் ஒரு நேரத்தில் ரெண்டு. 424 வரிசையில் நாலு டிராக்கையும் சேர்த்துப் பதியலாம், 9.5 வேகமும் உண்டு. ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15, யமஹாவின் எம்டி வரிசை எல்லாமும் பழைய சாமான் சந்தையில் வந்துபோகும். லூப் செய்வதற்கு விலை உயர்ந்த மெஷின் தேவையே இல்லை. ஒவ்வொரு டிராக்காகத்தானே போடப்போகிறோம், போர்ட்டா 02 தாராளமாகப் போதும், என்னிடம் இருப்பதும் அதுதான்.

முடா, கரோசல் என்ற இணையச் சந்தைகளில் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் பண்டல் கடைகளிலும் அவ்வப்போது கண்ணில் படும். வாங்கப் போகும்போது கையில் ஒரு கேசட், ஒரு ஹெட்போன், ஒரு மைக் கொண்டுபோங்கள். நாலு டிராக்கிலும் ஒன்றிரண்டு வார்த்தை பேசிப் பதிந்து, நாலையும் திருப்பிக் கேளுங்கள். "ஓடுது தம்பி, நல்லா ஓடுது" என்று விற்கிறவர் சொன்னால் நாடா சுற்றுகிறது என்று மட்டுமே அர்த்தம், மூன்றாவது டிராக் செத்துப்போயிருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. குரல் ஆடி ஆடி வந்தால் பெல்ட் தளர்ந்துவிட்டது, அதை மாற்றிக்கொள்ளலாம், விலையில் மட்டும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். ஹெட், அதாவது நாடா உரசிப் போகும் பதிவுத் தலை, தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஜப்பான் மெஷின் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் வருவது 230-240. நான் முதலில் வாங்கிய மெஷினோடு வந்த அடாப்டர் ஜப்பானுடையது, விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை, செருகிய ஒரு நிமிடத்தில் அடாப்டர் புகைந்துவிட்டது. நல்ல வேளை, மெஷின் தப்பியது. புது அடாப்டர் வாங்கும்போது மெஷினின் பின்னால், துளைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் குறியைப் பாருங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லியாம்ப், நடு முள் பிளஸ்ஸா மைனஸா. பல மெஷின்களில் நடு முள் மைனஸ், நம் கடைத்தெருவில் சும்மா கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் பிளஸ். மாற்றிச் செருகிவிட்டால் உள்ளே இருப்பது போய்விடும்.

நம் ஊர் ஈரமும் பழைய ரப்பரும்

ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. ரப்பர் என்றால் என்ன, வெயிலும் ஈரமும் அதை என்ன செய்யும் என்று எங்கள் தாத்தா பாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஷினுக்குள் இருக்கும் பெல்ட்டும் அதே கதைதான், இருபது முப்பது வருடம் ஆனால் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பின்மூடியைத் திறக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறங்கள். கறுப்புப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பொறுமையாகத் துடைத்தெடுத்துவிட்டு, அதே சுற்றளவு உள்ள புதுப் பெல்ட்டைப் போடுங்கள். ஆல்கஹால் மருந்துக் கடையில் கிடைக்கும்.

ஹெட், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, நாடாவை அதோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் மூன்றையும் துடையுங்கள். பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்கு மட்டும் ஆல்கஹாலைக் குறைவாகத் தொட்டு உடனே உலர்ந்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். லூப் வேலையில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். ஐந்து வினாடி வளையம் நிமிடத்துக்கு 12 முறை, மணிக்கு 700 முறைக்கு மேல் ஹெட்டை உரசிக்கொண்டு போகிறது, நாடாவின் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

எந்தக் கேசட்

மூலையில் நாலும் நடுவில் ஒன்றுமாக ஐந்து திருகாணி போட்ட கேசட்டாகப் பாருங்கள். ஒட்டி மூடிய கூட்டைத் திறந்தால் உடையும். உள்ளே வெள்ளை ஒட்டு ஓடுவது தெரிகிற மாதிரி கண்ணாடிக் கூடு கிடைத்தால் பதிவு செய்யும்போது எவ்வளவு உதவி என்று பின்னால் சொல்கிறேன். சி-60 வாங்குங்கள். சி-90 நாடா அதைவிட மெல்லிது, சி-120 அதைவிடவும் மெல்லிது, வளையமாகச் சுற்றும்போது மடிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும்.

நாலு டிராக் மெஷின்களை டைப் டூ, அதாவது குரோம் நாடாவுக்கென்று சரிசெய்து வைத்திருப்பார்கள். பழைய டிடிகே எஸ்ஏ, மேக்செல் எக்ஸ்எல் டூ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண டைப் ஒன் நாடாவிலும் செய்யலாம், இரைச்சலும் ஓசையின் நிறமும் மாறும், அவ்வளவுதான். கூட்டையும் நாடாவையும் ஒரே கேசட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் இல்லை. பாட்டு கேசட்டின் நல்ல திருகாணிக் கூட்டுக்குள் குரோம் நாடாவை வெட்டிப் போடலாம்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. தோட்டத்து லயத்து வீட்டு அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த கேசட்டுகளில் ரொம்ப சகஜம். அதை மெஷினில் போடவே போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும்.

தாளக் கணக்கு

கணக்கு சுலபம். நாடாவின் நீளத்தை 4.76-ஆல் வகுத்தால் வினாடி. 24-ஐ வகுத்தால் 5.04. அதற்குள் எத்தனை அட்சரம் (தாள எண்ணிக்கை) வேண்டுமோ அதை 60-ஆல் பெருக்கி, வினாடியால் வகுத்தால் மெட்ரோனோமில் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) வைக்க வேண்டிய வேகம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், 480-ஐ 5.04-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 95. மிஸ்ர சாபுக்கு ஏழு என்றால் 83. ரூபகத்தை மூன்றாக எண்ணி ரெண்டு தடவை, ஆறு என்று வைத்தால் 71, அது கொஞ்சம் மெதுவாக இருக்கும், தாலாட்டுக்கு நன்றாக வரும். கண்ட சாபை ரெண்டு ஆவர்த்தனம், பத்து என்று போட்டால் 119.

கூட்டுக்குள் எளிதாக அடங்கும் நீளம் 24-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால், நீளத்தை மாற்றுவதைவிட வேகத்தை அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. நாடாவை உள்ளே இன்னும் ரெண்டு மூன்று சுற்று சுற்றிப் பத்துப் பதினைந்து வினாடிக்கு நீட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் நாடா நாடாவோடு உரசி, நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, முதல் பத்து வளையம் வரைக்கும் அந்தப் பக்கம் போக வேண்டாம். நீளமாகத்தான் வேண்டும் என்றால் பழைய ஆன்சரிங் மெஷினுக்கு விற்ற முடிவில்லாக் கேசட்டைத் தேடுங்கள், 30 வினாடி, ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று இருக்கும், வெட்டவே வேண்டாம், ரிவைண்ட் பட்டனை மட்டும் தொடக்கூடாது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், புதுச் சவரப் பிளேடு, இடுக்கி, அளவுகோல், கேசட்டுக்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப், ஒரு துண்டு தையல் நூல். ஸ்பிளைசிங் டேப்புக்குப் பதிலாக செலோடேப் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். அதன் பசை வெயிலுக்கு இளகி ஓரத்தில் கசிந்து ஹெட்டில் ஒட்டும், அடுத்த சுற்று நாடாவும் அதில் ஒட்டும், கடைசியில் மெஷின் நாடாவைத் தின்றுவிடும்.

திருகாணிப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து ஐந்தையும் கழற்றி, மேல் கூட்டை மெதுவாகத் தூக்குங்கள். உடனே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு மூலையிலும் சின்ன உருளை, ரெண்டு சக்கரம், மேலும் கீழும் வழுக்குத் தாள், முன்பக்க நடுவில் பஞ்சு ஒட்டிய சின்னச் செம்புத் தகடு, எல்லாம் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். அந்தப் பஞ்சுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது, அது தொலைந்தால் ஓசை மங்கிப்போகும்.

சக்கரத்தில் நாடாவின் முனையைப் பிடித்திருக்கும் சின்னக் கவ்வி ஒன்று இருக்கும். நாடாவை அதன் விளிம்போடு வெட்டிவிடுங்கள், கவ்வியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சக்கரத்தில் பள்ளம் விழும், ஒவ்வொரு சுற்றிலும் நாடா அதில் இறங்கி ஏறி, சுருதி குலுங்கும். எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆனது, மோட்டார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தையல் நூல். இடது மூலை உருளை, முன்பக்கத்துப் பஞ்சு, வலது மூலை உருளை, அங்கிருந்து வலது சக்கரத்தின் வெளிப்பக்கம், அப்படியே இடது சக்கரத்தின் வெளிப்பக்கம், மறுபடி இடது உருளை, இந்தப் பாதையில் நூலைச் சுற்றி, முனை சந்திக்கும் இடத்தில் கிள்ளிப் பிடித்து அளவுகோலில் வையுங்கள். கூட்டுக்குக் கூடு ரெண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும், அதனால்தான் இந்த வேலை. நூல் காட்டும் அளவோடு ரெண்டு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வளையம் இறுக்கமாக இருந்தால் மெஷின் திணறும், ரொம்பத் தளர்ந்தால் கேப்ஸ்டனில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

நாடாவை அந்த அளவைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகமாக வெட்டுங்கள். ரெண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, இணைந்த வளையம் சரியான நீளம் வரும் இடத்தில், ரெண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக 45 டிகிரி சாய்வில் வெட்டுங்கள். சேர்த்து வெட்டினால்தான் ரெண்டு சாய்வும் ஒன்றோடொன்று பொருந்தும். நேராக வெட்டினால் ஒட்டு ஹெட்டைக் கடக்கும்போது "டிக்" என்று கேட்கும், சாய்வில் வெட்டினால் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடக்கும், காதில் உறுத்தாது.

எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். கேசட்டில் நாடாவின் வெளிமுகம்தான் ஹெட்டைத் தொடுகிறது. ஒட்டு உள்முகத்தில் இருக்க வேண்டும். வளையத்தில் ஒரு முறுக்குக்கூட இல்லை என்று பார்த்துவிட்டு, ரெண்டு முனையும் இடைவெளி இல்லாமலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் தொட்டுக்கொள்ள வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஸ்பிளைசிங் டேப்பை இடுக்கியால் வைத்து, நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்துவிடுங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் பிளேடால் சீவுங்கள். விரலில் எண்ணெய் இருக்கக்கூடாது, பசியாறிவிட்டு அப்படியே வந்து உட்காராதீர்கள், ரொட்டி சானாய் எண்ணெய் நாடாவில் பட்டால் போகவே போகாது.

வளையத்தைப் பாதையில் போட்டு, வழுக்குத் தாளை வைத்து, மேல் கூட்டை மூடுங்கள். திருகாணியை இறுக்குவதற்கு முன் பென்சிலைச் சக்கரத்தில் விட்டு மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வலது சக்கரம் கட்டாயம் தடையில்லாமல் சுழல வேண்டும். பல மெஷின்கள் அந்தச் சக்கரம் நின்றால் நாடா முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். பின்விளிம்பில் பதிவுத் தாழ் (உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாமல் தடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு) உடைந்திருந்தால் அந்தத் துளையை மட்டும் மூடுங்கள், இதற்கு செலோடேப் போதும், அது வெளியே இருப்பதுதானே. இனிமேல் இந்தக் கேசட்டுக்கு பிளே, ஸ்டாப், ரெக்கார்டு மூன்றுதான். ஃபார்வர்டும் ரிவைண்டும் இல்லை.

உண்மையான நீளத்தை அளப்பது

மெஷினில் போட்டு, ஒவ்வொரு டிராக்கிலும் ஒலி எதுவும் விடாமல் நாலைந்து சுற்று பதிவு செய்து பழையதை அழித்துவிடுங்கள். அப்புறம் ஒரு கைதட்டு, ஒன்றே ஒன்று, நாலாவது டிராக்கில் பதியுங்கள். ஓடவிட்டு, கைப்பேசி ஸ்டாப்வாட்சில் பத்துச் சுற்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். என் வளையம் ஒன்று 50.6 வினாடி காட்டியது. அப்படியானால் ஒரு சுற்று 5.06. 480-ஐ வகுத்தால் 94.9, மெட்ரோனோமில் 95 வைத்தேன். ஒரு சுற்றுக்கு அதில் வரும் பிழை நூறில் ஒரு வினாடிகூட இல்லை, காதுக்குத் தெரியாது. பழைய மெஷின்களின் வேகம் எழுதிவைத்தபடி இருக்காது என்பதால் அளவுகோலை நம்பாமல் இதை நம்புங்கள்.

பதிவு: கால் வினாடி ஓட்டை

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நாடா இடமிருந்து வலமாக ஓடுகிறது. முதலில் அழிக்கும் ஹெட், அதைத் தாண்டிப் பதியும் ஹெட். ரெண்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அது கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் ஒரு முழுச் சுற்று வாசித்து, ஆரம்பித்த இடம் வந்ததும் நிறுத்தினால், அழிக்கும் ஹெட் அதற்குள் முன்னே போய் உங்கள் முதல் அடியைத் தின்றிருக்கும். உறுமியின் முதல் அடி காணாமல் போன வளையத்தைக் கேட்டால் வயிற்றைப் பிசையும்.

தீர்வு: எட்டாவது அட்சரத்தின் கடைசி அரையை வாசிக்காமல் விட்டு, அதற்குள் ஸ்டாப் அழுத்துங்கள். 95 வேகத்தில் அரை அட்சரம் என்பது 0.3 வினாடி, ஓட்டை அதற்குள் அடங்கிவிடும். எங்கே தொடங்குவது என்பதற்கு, கேசட்டை உள்ளே போடும் முன் பென்சிலால் சுழற்றி, வெள்ளை ஒட்டை நடுப் பஞ்சுக்குச் சற்று வலது பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டையும் பிளேயையும் பாஸோடு சேர்த்து அழுத்திக் காத்திருந்து, மெட்ரோனோமில் நாலு எண்ணி, பாஸை விடுங்கள். முதல் அட்சரம் ஒட்டைத் தாண்டியதும் விழும். கண்ணாடிக் கூடாக இருந்தால் வெள்ளை ஒட்டு சுற்றி வருவதைப் பார்த்தே நிறுத்தலாம், நாலைந்து முறைக்குப் பிறகு கை தானாகப் பழகிவிடும்.

சுருதிப்பெட்டி மாதிரி நீளமான ஓசைக்கு முறை வேறு. அதில் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, மூன்று நாலு சுற்று தொடர்ந்து பதிந்துகொண்டே இருந்துவிட்டு, ஒலியளவை மெதுவாக இறக்கி நிறுத்துங்கள். அதிலும் சின்ன ஓட்டை விழும். ஆனால் அதை ஒட்டுக்குப் பக்கத்தில் விழவிடாமல், வளையத்தின் நடுவில் எங்காவது நிறுத்துங்கள். நாலு டிராக்கின் ஓட்டையும் நாலு இடத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று மூடிக்கொள்ளும்.

ஒலியளவு மீட்டரில் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வரட்டும், நாடா அதைத் தாங்கும், குறைவாகப் பதிந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். டிபிஎக்ஸ் (இரைச்சலைக் குறைக்கும் வசதி) இருக்கும் மெஷினில் அதைப் போட்டுப் பதிந்தால் கேட்கும்போதும் போட்டிருக்க வேண்டும். குழல்விளக்கு சோக்குக்கும் குளிர்பெட்டிக்கும் பக்கத்தில் மைக் வயரை வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நாலு டிராக்கிலும் ஏறிவிடும், பதியும் நேரத்துக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

என்ன பதிவது

உறுமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை அடிப்பார்கள். அந்தத் தேய்க்கும் ஓசைக்குக் கூர்மையான தொடக்கம் கிடையாது, வழுக்கிக்கொண்டே வரும், லூப்புக்கென்றே செய்த மாதிரி இருக்கும். தைப்பூசத்துக்கு ஈப்போவில் காவடிக்கு வாசிக்கும் மேளக்குழு அண்ணன் ஒருவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். "அண்ணே, எட்டுக்கு மேல போகாதீங்க, கடைசி அரைய விட்டுடுங்க" என்றேன். "அஞ்சு செகண்டுதானா? நாங்க கை சூடாகவே அரைமணி ஆகும்லா" என்றார். முதலில் மெஷினை விட்டுவிட்டு இருபது நிமிடம் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம் பதிந்தோம், மூன்றாவது தடவையிலேயே அமைந்துவிட்டது. நீங்களும் கலைஞர்களை அழைத்தால் வந்ததும் மைக்கை நீட்டாதீர்கள், அவர்களை முதலில் வாசிக்க விடுங்கள்.

பால்மர மங்கு இன்னும் சில வீடுகளில் பூச்செடி வைக்கக் கிடக்கும், பீங்கான் மங்காக இருந்தால் அருமை. ஐந்தாறு மங்கை வரிசையாக வைத்து, தண்ணீரை வேறு வேறு அளவில் ஊற்றி, மெல்லிய மூங்கில் குச்சியால் விளிம்பில் தட்டுங்கள். தண்ணீர் கூடக்கூட சுருதி இறங்கும். சுருதிப்பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே கரண்டியால் தண்ணீரை எடுத்தும் விட்டும் ஸ, க, ப மூன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்கை மங்குக்கு மேலே நீட்டாமல் ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், குச்சியின் தட்டல் குறைந்து மங்கின் குரல் கூடும்.

தாலாட்டுக்குப் பாட்டியை அழைத்தபோது, "என்னாய்யா பாடுறது, புள்ள எங்க இருக்கு?" என்றார். "சும்மா ஆராரோ சொல்லுங்க பாட்டி." அவர் மைக்கைப் பார்க்கவில்லை. உத்தரத்தில் தூளி கட்டுகிற கொக்கியைப் பார்த்துக்கொண்டு, கையைத் தூளி ஆட்டுவது போலவே அசைத்துக்கொண்டு பாடினார். அவர் வேகம் 71-க்குப் பக்கத்தில் இருந்தது, ஆறு அட்சர வளையத்தில் "ஆராரோ ஆரிரரோ" ஒரு தடவை அப்படியே உட்கார்ந்தது. வயதானவர்களுக்கு மெட்ரோனோமைப் போட்டுக் காட்டாதீர்கள். அவர்கள் வேகத்தை நீங்கள் அளந்து, மற்ற மூன்று டிராக்கையும் அதற்குத் தகுந்தபடி அமையுங்கள்.

எந்த ஓசை எந்த டிராக் என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். அடுத்தடுத்த டிராக்குகள் ஒன்றுக்குள் ஒன்று லேசாகக் கசியும். உறுமியை 1-லும் பாட்டியை 4-லும் வைத்து, நடுவில் சுருதியையும் மங்கையும் வைப்பேன்.

நாலு போதாவிட்டால்

1, 2, 3 மூன்றையும் கலந்து 4-இல் பதிந்துவிட்டால் முதல் மூன்றும் காலி, இதைத்தான் பவுன்ஸ் என்பார்கள். ஒரு தடவை செய்தால் ஓசை கொஞ்சம் மங்கும், ரெண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பவுன்ஸ் செய்ததைப் பிரிக்க முடியாது, அதனால் அளவுகளை நன்றாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேசட்டைத் திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னோக்கி ஓடும், 1 என்பது 4 ஆகும், 2 என்பது 3 ஆகும். இதில் எனக்குப் பிடித்த வேலை: திருப்பிப் போட்ட நிலையில் காலியான டிராக்கில் மங்கை வாசித்துப் பதிந்துவிட்டு, மறுபடி நேராகப் போடுவது. உறுமி நேராக ஓடும், மங்கு மட்டும் காற்றிலிருந்து உறிஞ்சி எடுத்த மாதிரி வீங்கிக்கொண்டே வந்து "டக்" என்று நிற்கும். ஒருமுறை எந்த டிராக் என்று குழம்பி நல்ல உறுமி ஒன்றை அழித்துவிட்டேன். திருப்புவதற்கு முன் கேசட்டின் பின்பக்க லேபிளில் எண்களைத் தலைகீழாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிட்ச் குமிழ் இருந்தால் மெதுவாக ஓடவிட்டுப் பதிந்து இயல்பு வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், குரல் சற்று இளமையாகும். வேகம் ஆறு விழுக்காடு கூடினால் ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்பதும் வெளியே எடுப்பதும்

லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியின் மைக் துளைக்கு நேராகக் கொடுத்தால் ரெண்டு பக்கமும் கலந்து மோனோவாகிவிடும், முதல் முயற்சிக்கு அதுவும் பரவாயில்லை. நாலு ஃபேடரையும் கீழே இறக்கிவைத்து, கணினியில் பதிவை ஆரம்பித்து, சுருதியை மட்டும் ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். அடுத்தது எப்போது வர வேண்டும் என்று காதே சொல்லும். ஃபேடரை ஒரே இழுப்பாகத் தூக்காமல், ரெண்டு மூன்று சுற்று எடுத்துக்கொண்டு உயர்த்துங்கள். உறுமியை முழுவதும் ஏற்றுவது கடைசி ஒரு நிமிடத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வேன். எஃபெக்ட் செண்டில் (ஓசையை வெளிக் கருவிக்கு அனுப்பும் துளை) ஒரு மலிவான டிலே பெடல் இருந்தால் ஓட்டைகள் எல்லாம் எதிரொலியில் மூழ்கிப்போகும். சாயந்திரம் நாலு மணி மழை தகரத்தில் விழும்போது நான் மைக்கையும் திறந்துவைத்து மழையையும் சேர்த்துக் கலந்துவிடுவேன்.

வளையம் நிரந்தரமில்லை. சில நாள் தொடர்ந்து ஓடினால் மேல் ஸ்வரங்கள் முதலில் மங்கும், அப்புறம் ஒட்டு நெகிழும். அதனால் பதிந்த அன்றே நாலு டிராக்கையும் தனித்தனியாகவும் கணினியில் ஏற்றிவைத்துவிடுங்கள், ஒவ்வொன்றும் பத்துச் சுற்று போதும். அப்புறம் லேபிளில் நீளம், உண்மையான வினாடி, தாளம், சுருதி, தேதி, எந்த டிராக்கில் யார் என்று எழுதி, காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலத்தோடு போட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை.